வெளிக்காதில் மதிப்பெண் ஏன் போகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நுண்ணுயிரியலில் பட்டம் முடித்துவிட்டு மதுரையில் மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குப் போய்வருகிறார். மருத்துவர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றி, காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் விண்ணப்பத்தில் (க்ளெய்ம்) சேர்க்கும் வேலை அது. அவருடைய கேள்வி சுருக்கமாக இதுதான்: "அக்கா, நடுக்காதும் உள்காதும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. வெளிக்காதில்தான் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் மதிப்பெண் போகிறது. குறும்பி எடுப்பதற்கு எதற்கு இரண்டு குறியீடுகள்? நோய்க்குறியீடு சரியாக இருந்தும் க்ளெய்ம் ஏன் திரும்பி வருகிறது? இதைப் படித்தால் நம் ஊர் மருத்துவமனைகளிலும் வேலை கிடைக்குமா?"

தம்பி, வெளிக்காது எளிது என்று நினைப்பதால்தான் அங்கே மதிப்பெண் போகிறது. அதில் வரும் நோய்கள் எல்லாம் வீட்டில் பார்த்தவை. குறும்பி, காதுக்குள் கட்டி, எறும்பு புகுந்த காது, கிணற்றில் நாள் முழுக்கக் குதித்துவிட்டு வந்து இரவில் துடிக்கிற பையன். பழகிய நோய் என்பதால், சார்ட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், மருத்துவர் எழுதாததையும் நம் மனம் நிரப்பிக்கொள்கிறது. எந்தக் காது, என்ன காரணம், மருத்துவர் எந்தக் கருவியைக் கொண்டு என்ன செய்தார் என்ற மூன்றையும் அவர் எழுதிய வரியிலிருந்தே எடுக்க வேண்டும். வரியில் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். நாமாக நிரப்பக் கூடாது. நான் தணிக்கை செய்யும் சார்ட்டுகளில் வெளிக்காதுத் தவறுகள் பெரும்பாலும் இந்த நிரப்பலால் வருபவைதான்.

நீங்கள் படிப்பது அமெரிக்க முறை. நோய்க்கு ஐ.சி.டி.-10-சி.எம்., மருத்துவர் செய்த வேலைக்கு சி.பி.டி. என்று இரண்டு புத்தகங்கள். முதலாவது அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் திருத்தங்கள் வரும். ஆகவே சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தை நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். குறியீடுகளின் முதல் எழுத்தை இங்கே எச், டி, எஸ் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

வெளிக்காதுக்கு மூன்று வீடுகள். எச்60 வெளிச்செவி அழற்சி. சீழ்க்கட்டி, செல்லுலைட்டிஸ் என்ற தோலடித் தொற்று, மற்றத் தொற்றுகள், ஒவ்வாமை, ரசாயனம் பட்ட எரிச்சல், தோல் செதில்கள் சேர்ந்து வளரும் வெளிக்காதுக் கொலஸ்டியட்டோமா எல்லாம் இதற்குள். எச்61 மற்றவை, குருத்தெலும்பு உறை அழற்சி, மடல் கோளாறுகள், குறும்பி அடைப்பு, குழல் சுருக்கம், குழலில் எலும்பு முனைப்பு. எச்62 வேறொரு நோயின் விளைவாகக் காதில் வருபவை. இந்த எச்62 ஒருபோதும் முதலில் நிற்காது. மூல நோய் முன்னால் வரவேண்டும். அக்கி போல் பரவும் இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று காதுக்குள் போனால் எல்01.0 வரிசைக் குறியீடு முதலில், எச்62.4 வரிசை பிறகு. தேர்வில் வரிசையை மாற்றி வைத்து ஒரு விடை கொடுப்பார்கள். அவசரத்தில் இருப்பவர் அதைத்தான் தொடுவார்.

கடைசி இலக்கத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. 1 வலது, 2 இடது, 3 இரண்டும். பக்கம் குறிப்பிடாதது ஐந்து எழுத்துக் குறியீட்டில் 0, ஆறு எழுத்துக் குறியீட்டில் 9. சீழ்க்கட்டி எச்60.01, எச்60.02, எச்60.03, பக்கம் தெரியாவிட்டால் எச்60.00. பரவலான தொற்று அழற்சி எச்60.311, எச்60.312, எச்60.313, தெரியாவிட்டால் எச்60.319. இதைப் புத்தக ஓரத்தில் பேனாவால் எழுதிவையுங்கள். சி.பி.சி. என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம், நூறு கேள்விகளுக்கு நான்கு மணி நேரம்; ஓரக்குறிப்பு மிச்சப்படுத்துகிற அரை நிமிடத்தின் அருமை அங்கே தெரியும்.

பக்கம் தெரியாத குறியீட்டைக் கைக்கு வந்தபடி போட்டுவிடாதீர்கள். மருத்துவர் பக்கத்தைக் குறிப்பிடாமல் செவிலியர் தன் குறிப்பில் "இடது காது" என்று எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி விதியே சொல்கிறது. இருவரும் ஆளுக்கொரு காதைச் சொன்னால் மருத்துவரிடம் கேள்வி அனுப்ப வேண்டும். இரண்டு காதும் பாதிக்கப்பட்டு, அதற்கு இருபக்கக் குறியீடே இல்லையென்றால் வலது ஒன்று, இடது ஒன்று என இரண்டையும் எழுத வேண்டும். குழந்தை இரண்டு காதிலும் பாசிமணியைத் திணித்துக்கொண்டால் டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ, டி16.2எக்ஸ்எக்ஸ்ஏ. நடுவில் உள்ள எக்ஸ் இரண்டும் வெறும் இடநிரப்பிகள். ஏழாவது எழுத்து ஏழாவது இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக. ஒரு எக்ஸ் குறைந்தாலும் குறியீடு செல்லாது. மணியை எடுத்ததற்கு 69200. முழு மயக்கம் கொடுத்து எடுத்திருந்தால் 69205.

இனி குறும்பிக்கு வருகிறேன். நோய்க்குறியீடு எளிது: எச்61.21 வலது, எச்61.22 இடது, எச்61.23 இரண்டும். சிக்கல் அது "அடைத்துக்கொண்ட" குறும்பியா என்பதில். காதில் குறும்பி இருப்பது நோய் ஆகாது. செவிப்பறை, காதுக்குழல் ஆகியவற்றின் முக்கியமான பகுதியைப் பார்க்க விடாமல் மறைத்தால், அல்லது கெட்டிப்பட்டு வலி, அரிப்பு, கேளாமை தந்தால், அல்லது நாற்றமும் தொற்றும் சேர்ந்திருந்தால், அல்லது பெருக்கிக் காட்டும் கருவியும் பல உபகரணங்களும் இல்லாமல் எடுக்க முடியாத அளவு இருந்தால்தான் அது அடைப்பு. மருத்துவர் இவற்றில் ஒன்றையாவது எழுதியிருக்க வேண்டும். "குறும்பி அகற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அதற்குத் தனிப் பணம் கிடையாது. அன்றைய ஆலோசனைக் கட்டணத்துக்குள் அது அடங்கிவிடும்.

இரண்டு குறியீடுகள் ஏன் என்றால், செய்கிற வேலை இரண்டு விதம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி எடுத்தால் 69209. கியூரெட் (சுரண்டி), இடுக்கி, உறிஞ்சு குழாய் போன்ற கருவியால் எடுத்தால் 69210. முன்பு 69210 மட்டுமே இருந்தது. கழுவுவதற்கான 69209 2016-இல் சேர்ந்தது. கழுவுவதைச் செவிலியர் செய்யலாம். கருவி வேலை மருத்துவருடையது. ஒரே காதில் முதலில் கழுவி, வராமல் போய், பிறகு கருவியால் எடுத்தால் 69210 மட்டும். வலதில் கருவி, இடதில் தண்ணீர் என்றால் இரண்டையும் எழுதலாம், எது எந்தக் காது என்று காட்டும் மாடிஃபையருடன் (குறியீட்டுக்குப் பின்னால் ஒட்டும் இரண்டெழுத்துக் குறிப்பு).

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். நான் எழுதிய மாதிரிதான், ஆனால் தினமும் கண்ணில் படுகிற வகை. "68 வயது. வலது காது இரண்டு வாரமாக அடைத்தது போல் இருக்கிறது. வலது குழல் கெட்டியான குறும்பியால் முழுக்க அடைபட்டுள்ளது, செவிப்பறை தெரியவில்லை. நுண்ணோக்கியின் கீழ் கியூரெட்டும் உறிஞ்சு குழாயும் கொண்டு அகற்றப்பட்டது. பிறகு செவிப்பறை இயல்பாகத் தெரிந்தது. இடது குழலில் சிறிது குறும்பி, துடைத்து எடுக்கப்பட்டது. சர்க்கரை அளவு கட்டுப்பாட்டில் இல்லை என்கிறார். வீட்டுப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்து மெட்ஃபார்மின் அளவு கூட்டப்பட்டது."

பயிற்சி மையத்தில் இதைக் கொடுத்தால் பாதிப் பேர் எச்61.23 என்பார்கள். இரண்டு காதிலும் குறும்பி இருந்ததல்லவா? இருந்தது, அடைத்தது வலதில் மட்டும். ஆகவே எச்61.21, 69210, வலது பக்கத்துக்கான ஆர்.டி. மாடிஃபையர். இடது காதைத் துடைத்ததற்கு ஒன்றும் கிடையாது. ஆலோசனைக் கட்டணம் தனியாக வருமா என்பது அடுத்த கேள்வி. நோயாளி காதடைப்புக்கு மட்டும் வந்து, மருத்துவர் பார்த்து, எடுத்து அனுப்பியிருந்தால் வராது. எடுக்கலாம் என்று முடிவு செய்ததும் அந்தச் சிகிச்சைக்குள்ளேயே சேர்த்தி. இந்த ஆளுக்குச் சர்க்கரையை ஆராய்ந்து மருந்தையும் மாற்றியிருக்கிறார். அது தனி வேலை. ஆலோசனைக் குறியீட்டுடன் 25 மாடிஃபையர் சேர்த்து, அதற்கு நேராகச் சர்க்கரை நோயின் குறியீட்டை நிறுத்த வேண்டும். 25-ஐக் கோவில் பிரசாதம் போல் எல்லாச் சார்ட்டுக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தணிக்கையில் முதலில் மாட்டுபவர்களும் அவர்கள்தான்.

இரண்டு காதிலும் கருவியால் எடுத்தால்? 2014 முதல் 69210 ஒரு காதுக்கான குறியீடு. ஆகவே இரண்டுக்கும் 50 மாடிஃபையர் போடுவதுதான் புத்தகப்படி சரி. பல தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்கும். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் ஏற்காது. ஒரு காதானாலும் இரண்டானாலும் 69210-க்கு ஒரே தொகைதான் என்பது அவர்கள் கணக்கு. நியாயமா என்று என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் 69209-க்கு அவர்களே இருபக்கத் தொகை தருகிறார்கள் என்பது இன்னும் வேடிக்கை. அதே நாளில் செவித்திறன் பரிசோதனையும் நடந்து, மருத்துவர் குறும்பியை எடுத்திருந்தால் மெடிகேருக்கு ஜி0268 என்ற தனிக் குறியீடு உண்டு. ஆகவே பணம் கட்டப்போவது யார் என்று பார்க்காமல் மாடிஃபையரில் கை வைக்காதீர்கள்.

குறும்பியை விட்டால் அதிகம் தடுக்கி விழ வைப்பது எச்60.2, மேலிக்னன்ட் வெளிச்செவி அழற்சி. "மேலிக்னன்ட்" என்ற சொல்லைப் பார்த்ததும் மாணவர்கள் புற்றுநோய் அட்டவணைக்கு ஓடுகிறார்கள். இது புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமியால், சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு வரும் தொற்று. காதுக்குழலிலிருந்து மண்டையோட்டு எலும்பு வரை இறங்கிவிடும். நீங்கள் நுண்ணுயிரியல் படித்தவர் என்பதால் இது பிடிக்கும்: கிருமியின் பெயரை மருத்துவர் எழுதியிருந்தால் பி96.5 கூடுதலாக வரும். சர்க்கரை நோயை இதோடு இணைப்பதில் எச்சரிக்கை வேண்டும். சிறுநீரகக் கோளாறு, கண் விழித்திரைக் கோளாறு போன்றவற்றை நோய்ப்பெயர்களின் அகரவரிசைப் பட்டியலான அகராதியின் வரிசையே சர்க்கரையோடு இணைத்துவிடுகிறது. இந்தக் காது நோய் அந்த வரிசையில் இல்லை. மருத்துவர் "சர்க்கரை நோயால்" என்று தொடர்புபடுத்தி எழுதினால்தான் இ11.69. எழுதாவிட்டால் சர்க்கரை ஒருபக்கம், காது ஒருபக்கம்.

நீச்சல்காரர் காது எச்60.33 வரிசை. மேலூர்ப் பக்கத்துப் பையன்கள் கோடை விடுமுறையில் கிணற்றிலேயே கிடந்துவிட்டு வாங்கிவரும் அதே காது வலிதான். ஆனால் "நோயாளி தினமும் நீந்துகிறார்" என்ற ஒரு வரியை வைத்து அந்தக் குறியீட்டைப் போடக் கூடாது. மருத்துவர் நீச்சல்காரர் காது என்று முடிவெழுதியிருக்க வேண்டும். பூஞ்சைக்கும் இதே கண்டிப்பு. காண்டிடா என்றால் பி37.84 ஒன்றே போதும், எச்62 வேண்டாம். ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் அகராதி பி44.89-க்கு அனுப்பும். வெறுமனே காதில் பூஞ்சை என்றால் இரண்டிலும் சேராது. கல்லூரி ஆய்வகத்தில் பார்த்த கறுப்புப் பூஞ்சையின் நினைவில் நீங்களே இனத்தைத் தீர்மானித்துவிடாதீர்கள்; அந்தச் சலுகை நமக்கு இல்லை.

காது மடலில்தான் எனக்குப் பிடித்த பொறி இருக்கிறது. கபடி ஆடுகிறவனின் காதைப் பார்த்திருப்பீர்கள். பிடியில் மடல் நசுங்கி, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டி, மடல் பணியாரம் போல் உப்பி நிற்கும். "மடலில் ரத்தக்கட்டு" என்ற பெயரிலேயே எச்61.12 வரிசை இருக்கிறது. எழுதிவிட்டால் தவறு. அது அடிபடாமல் வந்ததற்கு. அடிபட்டு வந்த ரத்தக்கட்டு எஸ்00.4-க்குப் போக வேண்டும். வலது காதில் முதல் சிகிச்சை என்றால் எஸ்00.431ஏ. அதைக் கீறி வடித்தால் 69000. வடிக்காமல் விட்டு, மாதங்கள் கழித்து மடல் சுருங்கி இறுகிப்போனால் அது எம்95.1 வரிசை. ஒரே காது, ஒரே ஆட்டம். சிகிச்சைக்கு வந்த நேரத்தைப் பொறுத்து அத்தியாயமே மாறுகிறது. உங்களுக்கு வரும் அமெரிக்கச் சார்ட்டில் கபடிக்குப் பதில் மல்யுத்தம் இருக்கும். அதற்கு ஒய்93.72 என்று செயல்பாட்டுக் குறியீடே உண்டு. கபடிக்குத் தனியாக எதுவும் இல்லை.

கட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடலில் வந்தாலும் குழலுக்குள் வந்தாலும் நோய்க்குறியீடு எச்60.0 வரிசைதான். ஆனால் மடல் கட்டியை வடித்தால் 69000, குழல் கட்டியை வடித்தால் 69020. நோய்க்குறியீடு ஒன்று என்பதால் சிகிச்சைக் குறியீடும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

தண்டட்டி போட்ட பாட்டிகளின் காதை உசிலம்பட்டிப் பக்கம் இன்றும் பார்க்கலாம். அப்படித் தொங்கிய காதோ, கனமான கம்மலால் நாளாக ஆக இரண்டாகப் பிளந்த காதோ எச்61.11 வரிசையில் வரும். பின்னாளில் ஏற்பட்ட மடல் உருமாற்றம். ஓடும் வண்டியில் வந்தவன் கம்மலைப் பறித்ததில் அன்றைக்கே கிழிந்தது என்றால் அது காயம்: வலது எஸ்01.311ஏ, இடது எஸ்01.312ஏ. காயத்துக்குத் தையல் போட்டால் காப்பீடு பணம் கொடுக்கும். பழைய பிளவை ஒட்டவைத்தால் அழகு சிகிச்சை என்று சொல்லிக் கையை விரிப்பதுதான் வழக்கம். குருத்தெலும்பில் புதிதாகத் துளை போட்டுச் சீழ் பிடித்து வந்தால் எச்61.01 வரிசையைப் பாருங்கள். காது குத்துவதற்கே இசட்41.3 என்று குறியீடு இருக்கிறது. மொய்க்கணக்குக்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். வெளிநோயாளி சார்ட்டில் "சந்தேகம்", "இருக்கலாம்", "இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்" என்று எழுதப்பட்ட நோய்க்குக் குறியீடு போடக் கூடாது. அறிகுறியைத்தான் எழுத வேண்டும். காது வலி எச்92.0 வரிசை, காதில் நீர் வடிதல் எச்92.1 வரிசை. மாறாக நோய் உறுதியாகிவிட்டால், அதன் இயல்பான அறிகுறியைத் தனியாக எழுத வேண்டாம். வெளிச்செவி அழற்சி என்று எழுதிய பிறகு காது வலி என்று இன்னொரு வரி எதற்கு?

க்ளெய்ம் ஏன் திரும்புகிறது என்று கேட்டீர்கள். சி.எம்.எஸ்.-1500 படிவத்தின் 21-ஆம் கட்டத்தில் நோய்க்குறியீடுகள், அதிகபட்சம் பன்னிரண்டு. 24-ஆம் கட்டத்தில் செய்த வேலைகள். அந்த வரிசையில் இ என்ற சிறு கட்டம் இருக்கிறது. இந்த வேலை மேலே உள்ள எந்த நோய்க்காகச் செய்யப்பட்டது என்று சுட்டும் இடம். குறியீடுகள் எல்லாம் சரியாக இருந்து, அந்தச் சுட்டு மட்டும் மாறிப்போயிருக்கும். முன் சொன்ன சார்ட்டில் 69210 சர்க்கரை நோயைச் சுட்டினால் காப்பீட்டுக் கணினிக்கு அது சர்க்கரைக்காகக் காதைச் சுரண்டிய கதை. "நோயும் சிகிச்சையும் பொருந்தவில்லை" என்று சி.ஓ.-11 போட்டுத் திருப்பிவிடும். காரண எண்ணைப் பார்த்தாலே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். 4 என்றால் மாடிஃபையர், 97 என்றால் வேறொரு வேலைக்குள் அடங்கிவிட்டது, 50 என்றால் மருத்துவத் தேவையை நம்பவில்லை. 50 வந்தால் குறியீட்டை மாற்றிப் போட்டுப் பார்க்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மோசடி. மருத்துவரின் குறிப்பை இணைத்து மேல்முறையீடு செய்வதுதான் வழி. குறிப்பில் ஆதாரம் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மெடிகேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் க்ளெய்ம் போய்ச் சேர வேண்டும். தனியார் நிறுவனங்களின் கெடு இதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

நம் ஊர் மருத்துவமனை வேலையைப் பற்றி: இங்கே குறும்பி எடுக்கப் போகிறவர் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார், அரசு மருத்துவமனை என்றால் அதுவும் இல்லை, குறியீட்டுக்கு அங்கே வேலை கிடையாது. உள்நோயாளியாகவோ பகல்நேரச் சிகிச்சைக்கோ சேர்ந்து காப்பீட்டில் பணம் கேட்கும்போதுதான் அது வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைத் தொகுப்புகளின்படி தொகை. நீங்கள் படிக்கும் சி.பி.டி. எண்களுக்கு அங்கே இடமில்லை. நோய்க்குறியீடு எழுதும் மருத்துவமனைகளும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10-ஐத்தான் பயன்படுத்துகின்றன. அதில் குறும்பி அடைப்பு வெறும் எச்61.2. வலதும் இல்லை, இடதும் இல்லை. அமெரிக்க முறையைக் கற்றவருக்கு அது ஒரு வாரப் பழக்கம். காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதிக் கடிதங்களும் வெளியேற்றச் சுருக்கங்களும் கையாளத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். சம்பளம் அமெரிக்க சார்ட் வேலையைவிடக் குறைவுதான். திருமங்கலத்திலிருந்து மதுரையின் ஐ.டி. பூங்காக்கள் இருக்கும் இலந்தைகுளத்துக்கோ வடபழஞ்சிக்கோ இரவுப் பணிக்குப் போய்வர வீட்டில் சம்மதம் இருந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் அமெரிக்க சார்ட்டுகளில் இருங்கள். காது மூக்குத் தொண்டைப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.